பின் சீற் இல்லாத மாப்பிள்ளை

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இரண்டு வகை. ஏறி ஓடுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேலைக்குப் போகிறார்கள், மீன் வாங்கி வருகிறார்கள், மழையில் நனைகிறார்கள், சங்கிலிக்கு எண்ணெய் விட மறந்துபோகிறார்கள். நமக்கு வேண்டியது மற்ற வகை. இவர் வண்டியை ஓடுவதில்லை, காக்கிறார். வெயிலிலிருந்து காக்கிறார், மழையிலிருந்து காக்கிறார், செம்மண் புழுதியிலிருந்தும் காகத்தின் எச்சத்திலிருந்தும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் விரல்களிலிருந்தும் காக்கிறார், காத்துக் காத்து கடைசியில் ஓட்டத்திலிருந்தே அதைக் காப்பாற்றிவிடுகிறார். இவரைக் கவசக்காரர் என்று அழைப்போம்.

அடையாளம் காண்பது எளிது. விடுமுறை நாள் காலையில் ஏதாவது ஓர் ஒழுங்கையால் போய்ப் பாருங்கள். பந்தய வண்டி போல முன்னுக்குக் குனிந்த ஒரு மோட்டார் சைக்கிள், பின் சில்லு நிலத்தில் படாமல் ஒரு ஸ்ராண்டில் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும். அதன் அருகே ஒரு மனிதர் குந்தியிருந்து, பழைய பற்தூரிகையால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகத் துலக்கிக்கொண்டிருப்பார். தன்னுடைய பல்லை அன்று துலக்கினாரா என்று கேட்காதீர்கள். அது அவருக்குப் பிறகு.

வண்டியைச் செய்தவர்கள் வருடக் கணக்கில் கணக்குப் போட்டு, வரைந்து, அழித்து, திரும்ப வரைந்து, ஓடிப் பார்த்துத்தான் சந்தைக்கு விடுகிறார்கள். நம்மவர் இரண்டு மாலை நேரங்கள் வீடியோ பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வருவார். "கொம்பனி போட்டு விடுற ஒண்டும் சரிவராது." இந்த ஒரு வசனம்தான் அவருடைய சமயம். கொம்பனிக் கண்ணாடி சிறிது, கொம்பனிச் சைலன்சர் ஊமை, கொம்பனி ரயர் ஒல்லி. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மாற்றியதை எல்லாம் காக்க வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது. தார் வீதியில் கல் தெறித்து றேடியேற்றரில் ஓட்டை விழுந்துவிடும் என்று பயந்து அதற்கு முன்னால் ஒரு வலைத் தகடு பூட்டுவார். தகடு காற்றை மறிக்க எஞ்சின் சூடாகும்; சூட்டைத் தணிக்க விலைகூடிய எண்ணெய் விடுவார். வடிவுக்காகப் பின் ரயரை அகலமாக்குவார். அகன்ற ரயர் சங்கிலியில் உரசும். சங்கிலியைக் காக்க ஒரு மறைப்பு வாங்குவார். மறைப்பைப் பூட்ட ஓட்டை போட வேண்டும். ஓட்டை போட்ட இடத்தில் கறள் பிடிக்கும். கறளுக்குப் பூச்சு, பூச்சுக்கு மேல் ஸ்ரிக்கர், ஸ்ரிக்கருக்கு மேல் கண்ணாடித்தாள். இவ்வளவும் முடிய வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்கிறீர்கள்? கடையிலிருந்து வீடு வரை. அதையும் ஒரு லொறியில் ஏற்றித்தான் கொண்டுவந்திருப்பார்.

இந்த இனத்தில் முழுமை பெற்ற ஒருவரை எனக்குத் தெரியும். கோப்பாயைச் சேர்ந்தவர், பெயர் சுபாங்கன், வங்கியில் வேலை. தங்கமான பிள்ளை. குடி இல்லை, புகை இல்லை, பின்னேரங்களில் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. போனால் வண்டியை யார் பார்ப்பது?

சிவப்பு நிற மோட்டார் சைக்கிள் அது. வீட்டு முன் விறாந்தையில் நின்றது. விறாந்தைக் கதிரைகள் இரண்டும் அதற்காக முற்றத்துக்கு இறங்கின. வண்டியின் மேல் முதலில் ஒரு மெல்லிய பருத்தித் துணி, அதற்கு மேல் தாயார் கமலாவதியின் பழைய சேலை, அதற்கு மேல் நீர் புகாத உறை. அந்த உறை மழைக்கென்று விற்கப்பட்டது. விறாந்தைக்குக் கூரை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கமலாவதியும் கேட்டார். "தூவானம் அடிக்கும் அம்மா" என்று பதில் வந்தது.

வங்கிக்கு அவர் தாயாரின் ஸ்கூட்டியில்தான் போய்வந்தார்.

"எடேய் தம்பி, ஒருநாள் உதிலை என்னைச் சந்நிதிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவன்" என்றார் கமலாவதி.

"சரியான வெயில் அம்மா."

"வெயில் எனக்கோ, உதுக்கோ?"

சுபாங்கன் பொய் சொல்லப் பழகாதவர். உறையின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

புது வாகனம் எடுத்தால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விப்பது வழக்கம். அதை மட்டும் தவிர்க்க முடியவில்லை. ஒழுங்கை முனையில் பிள்ளையார் கோயில். அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே போனார். ஐயர் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்துக்கொண்டு வந்து பெற்றோல் ரேங்கில் பொட்டு வைக்க விரலை நீட்டியபோது, சுபாங்கன் சட்டைப் பைக்குள் இருந்து ஒரு பொலித்தீனை எடுத்து ரேங்கின் மேல் விரித்தார்.

"ஐயா, இதுக்கு மேலை வையுங்கோ. சந்தனம் பட்டால் ஒட்டின தாள் மங்கிப்போகும்."

ஐயர் விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார். "வைக்கிறதிலை எனக்குக் கரைச்சல் இல்லைத் தம்பி. ஆனால் பொட்டு பொலித்தீனுக்குத்தான். பேந்து பிள்ளையாரிலை பிழை சொல்லக்கூடாது."

அடுத்து தேசிக்காய். சில்லுக்கு அடியில் வைத்து நசித்துக்கொண்டு போக வேண்டும். புளி பட்டால் ரயரின் ரப்பருக்குக் கூடாது என்று எங்கோ படித்திருந்தார். "ஐயா, பிழிஞ்ச தேசிக்காய் இருக்கோ?" என்று கேட்டார். ஐயர் மணியைக் கொஞ்சம் பலமாகவே அடித்தாராம்.

கவசக்காரர் ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரு கடைக்காரரும் இருப்பார். யாழ்ப்பாண நகரில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் அடைக்கலநாதன் கெட்ட மனிதர் அல்ல. கேட்டதைக் கொடுப்பார், கேட்காததை எடுத்துத் துடைத்துக் கண்ணில் படும்படி வைப்பார். அவ்வளவுதான். வண்டி சரிந்து விழுந்தால் முதலில் நிலத்தில் முட்டி உடம்பைக் காக்கும் தடித்த நைலோன் குமிழ் ஒன்று உண்டு. அதைத் தெரிவுசெய்வதற்கு மட்டும் சுபாங்கன் பல பின்னேரங்கள் அந்தக் கடையில் நின்றார்.

"அண்ணை, வலப்பக்கம் விழுந்தால் இது தாங்குமோ?"

"தாங்கும்."

"இடப்பக்கம்?"

"இடப்பக்கத்துக்கு ஒண்டு அதே பெட்டிக்குள்ளை கிடக்கு."

"நேர முன்னாலை போய் அடிச்சால்?"

"அதுக்குப் பிறேக் எண்டொரு சாமான் கொம்பனிக்காரனே பூட்டி விட்டிருக்கிறான், தம்பி."

சுபாங்கன் சிரிக்கவில்லை. பிறேக் லீவரைக் காக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

அந்தக் கடையில்தான் ஒரு கூனையும் கண்டார். பின் சீற்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பூட்டுகிற, கூர்மையாக மேலெழுந்த, சிவப்பு நிற மூடி. பந்தய வண்டிகளுக்குப் பின்னால் ஆள் ஏறுவதில்லை. அதனால் சீற்றுக்குப் பதில் இப்படி ஒரு கூன். கண்டதும் அவர் மனம் போய்விட்டது. அடைக்கலநாதன்கூட ஒரு கணம் தயங்கினார். வியாபாரத்தில் அவர் தயங்கியதை அதற்கு முன் ஒருவரும் கண்டதில்லை.

"தம்பிக்கு எழுத்து முடிஞ்சுதெல்லோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப பின்னாலை ஆர் இருக்கிறது?"

"ஒருத்தரும் இருக்காட்டி சீற் புதுசாவே இருக்குமெல்லோ" என்றார் சுபாங்கன். கூன் களவு போய்விடும் என்ற பயத்தில், விசேட சாவி இல்லாமல் கழற்ற முடியாத ஆணி போட்டு அதைப் பூட்டுவித்தார். சாவியைத் தான் வைத்திருந்தால் தொலைந்துவிடும் என்று கடையிலேயே பத்திரமாகக் கொடுத்துவிட்டார்.

எழுத்து என்றால் பதிவாளர் முன்னிலையில் கையெழுத்து வைப்பது. தாலி பிறகு, நல்ல நாள் பார்த்து. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம்தான் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைமாரின் பொற்காலம். சட்டம் கணவன் மனைவி என்று சொல்லிவிட்டது. ஊர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போனால் அதே ஊர் மறுபக்கம் பார்த்துக்கொள்ளும். சுபாங்கனுக்கு எழுத்தான பெண் ஆரபி. கொடிகாமத்தவள், விவசாயப் போதனாசிரியை. அலுவலகம் கொடுத்த, உறை என்றால் என்னவென்றே அறியாத பழைய மோட்டார் சைக்கிளில் தென்மராட்சித் தோட்ட ஒழுங்கைகள் எல்லாம் ஏறி இறங்குகிறவள். மணலில் வண்டி இழுக்கும்போது எங்கே காலை ஊன்றுவது என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. சிவப்பு மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் இருந்து, தன் வீட்டுப் படலைக்குள் வந்து இறங்க வேண்டும். பெரிய ஆசையா? மாதங்கள் போயின. முதலில் மாரி மழை. பிறகு ஒட்டிய கண்ணாடித்தாள் காய வேண்டும். பிறகு கொழும்பிலிருந்து ஒரு பொதி வர வேண்டும். பொதி வந்தது, அதற்குள் இருந்த சாமானுக்கு இன்னொரு சாமான் வர வேண்டும். ஆரபியின் அலுவலகத்தில் கதை வேறு மாதிரிப் போயிற்று. கூட வேலை செய்யும் வித்தியா எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாளாம்: "உன்ரை ஆள் பைக் வைச்சிருக்கிறாரோ, பைக் அவரை வைச்சிருக்குதோ?"

அன்றிரவு தொலைபேசியில் ஆரபி குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயங்கரம்.

"வாற ஞாயிறு உங்கடை வீட்டாக்கள் இஞ்சை கலியாண நாள் வைக்க வருகினம். நான் காலமை பஸ்ஸிலை கோப்பாய்க்கு வாறன். உங்களோடை அந்த பைக்கிலை பின்னாலை இருந்து எங்கடை வீட்டுக்கு வருவன். வந்தால் நாள் வைக்கலாம்."

"வராட்டி?"

"எழுத்து முடிஞ்சாலும் தாலிக்குக் கழுத்தை நீட்டுறது நான்தான்."

"நீர் கோவிக்காதையும். கட்டாயம் கூட்டிக்கொண்டு போறன்" என்றார் சுபாங்கன். உண்மையாகவே சொன்னார். உடனே எழுந்து போய் வண்டியைத் துடைக்கத் தொடங்கினார். கூனையும் துடைத்தார். ஆம், அதையும்தான். இரண்டு விடயங்களும் அவர் மூளையில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தன; நடுவில் கதவு இல்லை.

ஞாயிறு காலை ஆரபி வந்தாள். பச்சைச் சேலை, கையில் தன்னுடைய ஹெல்மெற். கமலாவதி பலகாரத் தட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். சுபாங்கன் விறாந்தையில் உறையைக் கழற்றினார், சேலையை உருவினார், பருத்தித் துணியை மெதுவாக இழுத்தார். வண்டி வெளிச்சத்துக்கு வந்தது.

"நல்ல வடிவு" என்றாள் ஆரபி. பொய்யில்லை, வடிவாகத்தான் இருந்தது. சுற்றி வந்து பார்த்தாள். பின்பக்கம் வந்ததும் நின்றாள்.

"நான் எங்கை இருக்கிறது?"

இந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த பதிலைக் கவசக்காரர்கள் எல்லோர் சார்பிலும் நான் மன்னித்துவிட்டேன். "உது பூட்டினால் காத்து இழுக்காது" என்றார்.

"காத்து இழுக்காட்டி, நான் எங்கை இருக்கிறது?"

"சீற் பத்திரமா இருக்கு. அலுமாரிக்குள்ளை."

"ஓம் பிள்ளை, என்ரை கூறைச் சீலைக்கு மேலை" என்று உள்ளேயிருந்து கமலாவதியின் குரல் வந்தது.

"எடுத்துப் பூட்டுங்கோ."

"கழட்டுற சாவி கடையிலை. இண்டைக்கு ஞாயிறு, கடைக்கார அண்ணை சேர்ச் பூசைக்குப் போயிடுவார், கடை பூட்டு."

ஆரபிக்குக் கோபம் வரும் என்று கமலாவதி எதிர்பார்த்தார். சுபாங்கன் அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது வேறு. சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள், ஹெல்மெற்றைப் போட்டாள், கையை நீட்டினாள்.

"பைக் திறப்பைத் தாருங்கோ."

"ஏன்?"

"ஒராளுக்குத்தானே இடமிருக்கு. நான் அதிலை வாறன். நீங்கள் மாமியைக் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டியிலை வாங்கோ."

கமலாவதி தட்டத்தை எடுத்துக்கொண்டு அப்போதே வெளியே வந்துவிட்டார்.

ஆகவே அன்று கோப்பாய்ச் சந்தியில் நின்றவர்கள் கண்டது இதுதான்: முன்னால் சிவப்பு மோட்டார் சைக்கிளில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், பின்னால் ஸ்கூட்டியில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால், நாள் வைக்கும் பலகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் தாய். கைதடிப் பாலத்தில் கடல்நீரேரிக் காற்று அடித்தது. ஆரபி கொஞ்சம் குனிந்து, வேகத்தைக் கூட்டினாள். அந்தச் சைலன்சர் முதல்முறையாக வாய் திறந்து பாடியது.

சுபாங்கன் தன் வண்டி ஓடுவதை அதுவரை கண்டதே இல்லை. நிற்பதைத்தான் கண்டிருக்கிறார்.

"வடிவா ஓடுறாள், என்ன" என்றார் கமலாவதி.

"கியர் மாத்தினது கொஞ்சம் பிந்திப்போச்சு" என்றார் சுபாங்கன். சாவகச்சேரி தாண்டும்போது அவர் வாய் திறந்தபடியே இருந்தது. ஏக்கமா, பெருமையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கொடிகாமத்தில் ஆரபியின் வீட்டு முற்றம் வெள்ளை மணல். கோப்பாய்ச் செம்மண்ணில் ஸ்ராண்டைத் தட்டிவிட்டு வண்டியைச் சாய்த்தால் நிற்கும். தென்மராட்சி மணலில் ஸ்ராண்ட் மெல்ல மெல்ல இறங்கும். அங்குள்ள எல்லோரையும் போல ஆரபியும் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, அதன் மேல் ஸ்ராண்டை ஊன்றி நிறுத்தினாள். தகப்பன் சோமசேகரமும் பெரியவர்களும் வாசலில் நின்றார்கள். ஸ்கூட்டி வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். கும்பிட வேண்டியவர்களைக் கும்பிடவில்லை. அவர் கண்ணில் பட்டது சிரட்டை மட்டும்தான். தும்பு நீட்டிக்கொண்டிருந்த, கரடுமுரடான ஒரு சிரட்டை, தான் கறுப்புப் பூச்சு அடித்து வைத்திருந்த ஸ்ராண்டில் உரசிக்கொண்டிருந்தது.

நேரே போனார். குந்தினார். சிரட்டையை உருவினார்.

ஸ்ராண்ட் மணலுக்குள் போனது. வண்டி மரியாதையாக, அவசரமில்லாமல் சரிந்தது. ஒதுங்குவதற்கு நேரம் இருந்தது. ஒதுங்கும் எண்ணம்தான் இருக்கவில்லை. நைலோன் குமிழ் இருக்கிறது, குழாய்க் கவசம் இருக்கிறது, லீவர்க் காப்பு இருக்கிறது. மாதக் கணக்கில் தேடித் தேடிப் பூட்டியவை எல்லாம் இந்த ஒரு கணத்துக்காகத்தான் காத்திருந்தன. சுபாங்கன் அவற்றில் ஒன்றையும் நம்பவில்லை. தன்னைக் கொண்டுபோய் வண்டிக்குக் கீழே கொடுத்தார்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். மணல் மெத்தை போல இருந்ததால் எலும்புக்கு ஒன்றும் இல்லை. கால் மட்டும் அடியில் அகப்பட்டிருந்தது.

"மாப்பிள்ளை, அடிபட்டுதோ?" என்றார் சோமசேகரம்.

"ரேங்க் நிலத்திலை முட்டினதோ?" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

வண்டியைத் தூக்க இரண்டு பேர் குனிந்தார்கள். ஆரபி கையைக் காட்டி மறித்தாள். அவர் தலைமாட்டில், மணலில், சேலையைப் பாராமல் உட்கார்ந்தாள்.

"முற்றத்துக்கு வந்தாச்சு. ஆனால் நான் கேட்ட மாதிரி வரேல்லை. இப்ப உள்ளை போய் நாளைப் பற்றிக் கதைக்கட்டோ, விடட்டோ?"

"கதையும்."

"பின் சீற்?"

"பூட்டுறன்."

"எப்ப?"

"நாளைக்குக் கடை திறந்தவுடனை."

"அதுக்கு மேலை உறை?"

கமலாவதி தட்டத்தைக் கை மாற்றிப் பிடித்தார். சுபாங்கன் வானத்தைப் பார்த்தார், வாழ்க்கையைப் பார்த்தார், மூக்குக்கு மேலே தெரிந்த சிவப்பு ரேங்கைப் பார்த்தார். சீற்றின் தோல் வெயிலில் வெளிறுவதை மனக்கண்ணால் கண்டார். வண்டியின் பாரத்தாலோ வேறு பாரத்தாலோ நசிந்த குரலில் சொன்னார்.

"போடமாட்டன்."

"இப்ப தூக்குங்கோ" என்றாள் ஆரபி.

அன்றே நாள் வைத்தார்கள். கலியாணமும் ஆயிற்று. மாப்பிள்ளை மணவறையைக் கொஞ்சம் நொண்டியபடி சுற்றினாலும் வீடியோவில் அது கம்பீரமாகத்தான் தெரிகிறது. இப்போது ஆரபி பின்னால் இருந்து போகிறாள். சில நாட்களில் அவர் பின்னால் இருந்து போகிறார். பின் சீற்றில் உறை இல்லை. வாக்கு வாக்குத்தான். ஆனால் அன்று வண்டி தன் மேல் விழுந்ததில், நைலோன் குமிழ்களில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதைக் கண்டு அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அவை அப்படியே இருக்கட்டும் என்று அவற்றுக்கு ரப்பர் உறை வாங்கிப் போட்டிருக்கிறார். குமிழுக்கு உறை போடக்கூடாது என்று அவள் கேட்கவில்லையே.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் மோட்டார் சைக்கிளே இல்லை, பஸ்ஸில் போகிறவர் நீங்கள், இது வேறு யாரையோ பற்றிய கதை. மிகவும் சரி. ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் உங்கள் கைத்தொலைபேசியை எடுங்கள். உறையைக் கழற்ற முன்னர், தொலைபேசியை என்ன நிறத்தில் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். நினைவில்லையா? சரி, கழற்றிப் பாருங்கள். அட, நல்ல நிறம். கடையில் எவ்வளவு நேரம் நின்று தெரிவுசெய்த நிறம்.

என்ன, அதற்குள் திரும்பவும் போட்டுவிட்டீர்களா?